மூன்றாவது கம்பி

எங்கள் வீட்டிலிருந்து நான்கு வீடு தள்ளி ஒரு பெரியவர் இருக்கிறார். ஒஹையோ மாநிலத்தின் சிறு நகரம் இது. அவர் 40 வருடம் டை மேக்கராக இருந்தவர். வேலை பார்த்த தொழிற்சாலை மூடியதும் கார் ஷெட்டையே பட்டறையாக மாற்றிக்கொண்டார். இரண்டு வருடங்களுக்கு முன்னால் ஏலத்தில் ஒரு பழைய சி.என்.சி. மில்லிங் மெஷினை எடுத்தார். தொண்ணூறுகளில் செய்தது, மூன்றரை டன் எடை. லாரியிலிருந்து அதை இறக்கிய அன்று தெருவே நின்று வேடிக்கை பார்த்தது.

ஒரு மாதம் கழித்து என் வீட்டுக் கதவைத் தட்டினார். "நீ கம்ப்யூட்டர் ஆள்தானே? என் மெஷினோட கம்ப்யூட்டர் பாதி வேலையில செத்துப்போகுது. வந்து பார்க்கிறாயா?"

கம்ப்யூட்டர் ஆளுக்கு பிரிண்டர் முதல் வாஷிங் மெஷின் வரை எல்லாம் தெரியும் என்பது உலகம் முழுக்க உள்ள நம்பிக்கை. என்னிடம் அதற்கு இன்னொரு காரணமும் இருந்தது. நான் படித்தது ட்ரிபிள் ஈ. கோவை கணபதியில் அப்பா இரண்டு லேத்தும் ஒரு மில்லிங் மெஷினும் வைத்து ஜாப் ஒர்க் செய்துகொண்டிருந்தார். அந்த ஷெட்டுக்குள் நுழைந்ததும் வந்த கூலன்ட் வாசனையில் பத்து வயதுக்குப் போய்விட்டேன். "சரி, பார்க்கலாம்" என்று சொல்லிவிட்டேன்.

கோளாறு இதுதான். ஸ்பிண்டிலை 6000 சுற்றுக்கு ஓடச் சொன்னால் வேகமெடுக்கும்போது பாதியில் 'லோ வோல்டேஜ்' என்று அலாரம் வரும். சில நேரம் அலாரம்கூட வராது, திரை மொத்தமாக இருண்டுவிடும். பத்து தடவையில் மூன்று தடவை இப்படி. பொருளைக் கடைந்துகொண்டிருக்கும்போது பெரும்பாலும் வராது, வேகமெடுக்கும்போதுதான் வரும். நான் என் தொழில் புத்திப்படி புரோகிராமைச் சந்தேகப்பட்டேன். பாராமீட்டர்களை ஒவ்வொன்றாகக் கையேட்டோடு ஒப்பிட்டேன், மெமரி பேட்டரியை மாற்றினேன். மூன்று வாரயிறுதிகள் போயின. ஷெட்டின் மூலையில் எந்நேரமும் உறுமிக்கொண்டிருந்த ஒரு வெற்று மோட்டாரை மட்டும் கவனிக்கவில்லை. அதன் தண்டில் பெல்ட்டும் இல்லை, புல்லியும் இல்லை. எதையும் சுற்றாமல் சும்மா சுற்றிக்கொண்டிருந்தது.

அதுதான் ரோட்டரி ஃபேஸ் கன்வர்ட்டர். அமெரிக்க வீட்டுக்கு வருவது ஒருமுனை மின்சாரம். மெஷினுக்கு வேண்டியது மும்முனை. இல்லாத கம்பியை அந்த மோட்டார்தான் உண்டாக்கிக்கொண்டிருந்தது. மெஷினைப் புரிந்துகொள்ள வேண்டுமானால் முதலில் அந்தக் கம்பி ஏன் இங்கே இல்லை என்று தெரிய வேண்டும் என்று தோன்றியது. தேடிப் போனதில் நூற்று முப்பது வருடக் கதை ஒன்று கிடைத்தது.

மூன்று பேர் தள்ளும் செக்கு

ஒருமுனை மின்சாரம் ஊஞ்சல் மாதிரி. முன்னால் போகும், பின்னால் வரும், நடுவில் ஒரு கணம் ஒன்றுமில்லாமல் நிற்கும். இங்கே மின்சாரம் 60 ஹெர்ட்ஸ். அதனால் ஒரு நொடியில் 120 தடவை ஆற்றல் பூஜ்யத்தைத் தொடுகிறது. விளக்கு எரிய இது போதும். நின்றுகிடக்கும் மோட்டாரைச் சுற்ற வைக்கப் போதாது. முன்னும் பின்னும் இழுத்தால் செக்கு சுற்றாது. மூன்று பேர் செக்கைச் சுற்றிச் சம தூரத்தில் நின்று முறை வைத்துத் தள்ளினால் சுற்றும். ஒருவர் ஓய்கிற நேரத்தில் மற்ற இருவர் தள்ளிக்கொண்டிருப்பார்கள். மும்முனை மின்சாரத்தின் சாரம் இவ்வளவுதான்.

சுழலும் காந்தப்புலம் என்ற இந்த யோசனையை 1888இல் இருவர் தனித்தனியாக வெளியிட்டார்கள். ஒருவர் இத்தாலியின் துரின் நகரப் பேராசிரியர் கலிலியோ ஃபெராரிஸ். அவர் காப்புரிமை வாங்கவில்லை. அந்த மோட்டார் வணிகத்துக்கு உதவாது என்றே நினைத்தார். மற்றவர் நிகோலா டெஸ்லா. அவர் காப்புரிமை வாங்கினார், பிறகு நடந்தது எல்லோரும் அறிந்த கதை. இருவருமே பெரும்பாலும் இரண்டு ஃபேஸ்களைத்தான் எண்ணினார்கள். மூன்று என்ற எண்ணை நடைமுறைக்குக் கொண்டுவந்தவர் பெர்லினில் ஏ.இ.ஜி. நிறுவனத்தில் இருந்த ரஷ்யப் பொறியாளர் மிகயீல் தொலிவோ-தொப்ரவோல்ஸ்கி. இன்று நம் ஊர்ப் பம்புகளில் இருக்கும் கூண்டு ரோட்டார் மும்முனை மோட்டாரை 1889இல் அவர் செய்துகாட்டினார்.

இரண்டைவிட மூன்றில் சிக்கனமும் உண்டு. மூன்று மின்னோட்டங்களும் 120 டிகிரி இடைவெளியில் ஓடும்போது எந்தக் கணத்திலும் அவற்றின் கூட்டுத்தொகை பூஜ்யம். ஆகவே திரும்பிப் போக நான்காவது கம்பி தேவையில்லை. ஃபேஸர் படம் போட்டு இதை நிறுவுவது செமஸ்டர் தேர்வில் தவறாமல் வரும் கேள்வி. நானும் எழுதி மார்க் வாங்கியிருக்கிறேன். அது ஒரு ஷெட்டில் எப்படி இருக்கும் என்று பார்க்க 15 வருடம் ஆனது.

1891இல் ஃபிராங்ஃபர்ட் நகரில் மின்தொழில்நுட்பக் கண்காட்சி நடந்தது. நெக்கர் ஆற்றங்கரையில் லாஃபன் என்ற ஊரில் ஓடும் தண்ணீரை வைத்து மின்சாரம் எடுத்து, 175 கிலோமீட்டர் தள்ளியிருந்த கண்காட்சித் திடலுக்கு மூன்று கம்பிகளில் கொண்டுபோனார்கள். சுமார் 75 சதவீதம் வந்து சேர்ந்தது. அங்கே ஆயிரம் விளக்குகள் எரிந்தன, ஒரு மோட்டார் தண்ணீரை மேலேற்றிச் செயற்கை அருவியாக விழ வைத்தது. ஆற்றில் விழுந்த தண்ணீர் 175 கிலோமீட்டர் தள்ளி மறுபடி அருவியாக விழுகிறது. பார்த்தவர்களுக்கு வேறு விளக்கம் தேவைப்பட்டிருக்காது. இனி மின்சாரம் இப்படித்தான் பயணம் செய்யும் என்பது அங்கே முடிவாகிவிட்டது.

யாருக்கு மூன்று, யாருக்கு ஒன்று

நெடுந்தூரக் கோபுரங்களில் மூன்று கம்பி போவது உறுதியானாலும் கடைசி வீடு வரை மூன்றும் போகவில்லை. கம்பிக்கும் டிரான்ஸ்ஃபார்மருக்கும் காசு வேண்டும். ஆகவே ஒவ்வொரு இடத்திலும் யாரோ ஒருவர் காகிதத்தில் ஒரு கோடு போட வேண்டியிருந்தது. இந்தப் பக்கம் வேலை நடக்கும், மூன்று கம்பி கொடு. அந்தப் பக்கம் விளக்கு எரிந்தால் போதும், ஒன்று கொடு.

அமெரிக்காவில் அந்தக் கோடு மிகத் தெளிவாக விழுந்தது. 1935இல் கிராம மின்மயமாக்கல் நிர்வாகம் தொடங்கப்பட்டபோது பண்ணை வீடுகளில் ஏறத்தாழ பத்தில் ஒன்றுக்குத்தான் மின்சாரம் இருந்தது. மைல் கணக்கில் ஒரு வீடுகூட இல்லாத சமவெளிகள். செலவைக் குறைத்தால்தான் கம்பி போகும். ஒரே ஒரு உயர் அழுத்தக் கம்பி, ஒரு நியூட்ரல், கம்பத்தில் வாளி மாதிரி ஒரு டிரான்ஸ்ஃபார்மர் என்று கிராமங்களை இணைத்தார்கள். லட்சக்கணக்கான வீடுகளில் விளக்கு எரிந்தது அதனால்தான், குறை சொல்ல முடியாது. ஆனால் அந்த வீட்டுக்காரர் நாளைக்கு ஒரு பெரிய மோட்டாரை ஓட்ட நினைப்பார் என்று அந்தக் கணக்கில் இடமில்லை. நகரத்துக் குடியிருப்புத் தெருக்களுக்கும் இன்றுவரை இதே வாளிதான். எங்கள் பெரியவர் மும்முனை கேட்டு விண்ணப்பித்தபோது கம்பி இழுக்கும் செலவாகச் சொல்லப்பட்ட தொகைக்கு ஒரு நல்ல கார் வாங்கலாம்.

ஒரு கம்பியில் நிற்பவர்கள் ஆரம்பத்திலிருந்தே மற்ற இரண்டைத் தாங்களே செய்துகொள்ள முயன்றிருக்கிறார்கள். அதில் முந்திக்கொண்டது ரயில்வே. மலைப்பாதையில் கனமான ரயிலை இழுக்க மும்முனை மோட்டார் நல்லது. ஆனால் தலைக்கு மேல் இரண்டு கம்பி கட்டி, தண்டவாளத்தை மூன்றாவதாக வைத்து ஓட்டினால் தடம் பிரியும் இடங்களில் கம்பிகள் குறுக்கிட்டுத் தொல்லை கொடுக்கும். ஹங்கேரியப் பொறியாளர் கால்மான் கண்டோ 1902இல் இத்தாலியின் வால்டெலினா பாதையில் அப்படி ஓட்டிக் காட்டியவர். பிறகு அவரே மேலே ஒரு கம்பியை மட்டும் விட்டுவிட்டு, என்ஜினுக்குள்ளேயே மற்ற ஃபேஸ்களை உருவாக்கும் சுழலும் கன்வர்ட்டருக்குப் போனார். அமெரிக்காவில் நார்ஃபோக் அண்ட் வெஸ்டர்ன் ரயில்வே 1915இல் மேற்கு வர்ஜீனியாவின் எல்க்ஹார்ன் ஏற்றத்தில் இதையே செய்தது. நிலக்கரி ரயில்கள், செங்குத்தான ஏற்றம், நீராவி என்ஜின் புகை நிரம்பிய சுரங்கப்பாதை. ஒற்றைக் கம்பியில் 11,000 வோல்ட் வாங்கி, என்ஜினுக்குள் மும்முனையாக்கி, மோட்டார்களை ஓட்டினார்கள். 1950 வரை அது ஓடியது.

நமக்கும் இது தெரிந்த விஷயம்தான், தெரிந்தது என்று தெரியாது, அவ்வளவே. இந்திய ரயில்வே 1957இல் 25,000 வோல்ட் ஒருமுனை மின்சாரத்தைத் தேர்ந்தெடுத்தது. என்ஜினுக்குள் இருக்கும் விசிறிகளுக்கும் கம்ப்ரஸருக்கும் மும்முனை வேண்டும். அதற்காகப் பல பத்தாண்டுகள் அந்த என்ஜின்களில் ஆர்னோ கன்வர்ட்டர் என்ற இயந்திரம் இருந்தது. ஃபெராரிஸோடு வேலை செய்த ரிக்கார்டோ ஆர்னோவின் பெயர் அது. ஈரோடு ஜங்ஷனில் நிற்கும் பழைய மின்சார என்ஜினுக்குப் பக்கத்தில் நின்றவர்கள் அந்த உறுமலைக் கேட்டிருப்பார்கள். பின்னாளில் அதன் இடத்துக்குச் சுழலாத மின்னணு கன்வர்ட்டர்கள் வந்துவிட்டன.

அது வேலை செய்யும் விதம் எளிது. நின்றுகிடக்கும் மும்முனை மோட்டாரை ஒருமுனையில் கிளப்ப முடியாது. ஆனால் எப்படியாவது சுற்றிவிட்டால் பிறகு இரண்டு கம்பியிலேயே சுற்றிக்கொண்டிருக்கும். சுற்றும் ரோட்டாரின் காந்தப்புலம் சும்மா கிடக்கும் மூன்றாவது காயிலைக் கடக்கும்போது அங்கே ஒரு வோல்டேஜ் பிறக்கிறது. முதல் உந்தலுக்கும் பின்னர் சமநிலைக்கும் கண்டன்சர்கள். இதுதான் எங்கள் பெரியவரின் ஷெட் மூலையில் இருந்தது.

அப்பிச்சியின் டப்பா

கோவைக்காரனுக்கு மோட்டார் என்றால் குலப்பெருமை. 1932இல் பைக்காரா நீர்மின் நிலையம் ஓடத் தொடங்கியதும் மில்களுக்கும் பட்டறைகளுக்கும் கரண்ட் வந்தது. 1937இல் ஜி.டி. நாயுடுவும் டி. பாலசுந்தரம் நாயுடுவும் இந்தியாவின் முதல் மின்மோட்டாரை இங்கேதான் செய்தார்கள் என்று ஊரில் சின்னப் பையனும் சொல்வான். அதன் பிறகு பம்புசெட் ஊர் என்றே பெயராகிவிட்டது.

ஆனால் அந்த ஊரைச் சுற்றியிருந்த கிணறுகளில் வேறு கதை. விவசாயத்துக்கு மும்முனை மின்சாரம் நீண்ட காலம் நாளொன்றுக்கு 9 மணி நேரம்தான், பகலில் 6, இரவில் 3. மற்ற நேரத்தில் இருமுனை வரும். வீட்டு விளக்கு எரியும், மோட்டார் ஓடாது. அன்னூர்ப் பக்கம் என் அப்பிச்சி தோட்டத்தில் ஸ்டார்ட்டர் பக்கத்தில் ஒரு தகர டப்பா தொங்கும். உள்ளே கண்டன்சர்கள். இருமுனை நேரத்தில் அதைப் போட்டு மூன்றாவது முனையைத் தானே செய்துகொள்வார். லைன்மேன் கண்டால் திட்டுவார், டிரான்ஸ்ஃபார்மர் போய்விடும் என்பார். அவர் சொன்னதும் சரி. மோட்டார் காயில் கருகுவதும் நடந்தது. ஆனால் வாடுகிற வாழைக்கு இரவு பத்து மணிக்கு வரும் மும்முனை எதற்கு?

அப்பாவின் பட்டறையில் இன்னொரு விதம். மும்முனை இணைப்பு உண்டு. ஆனால் 2008க்குப் பிறகு மின்வெட்டு. நாங்கள் காலேஜில் இருந்த வருடங்களில் அது மோசமாகிக்கொண்டே போனது. வேலைக்கு வந்த பையன்கள் வெளியே திண்டில் உட்கார்ந்திருப்பார்கள். ஒரு நாள் ஒரு ஃபேஸ் மட்டும் போய், பிரிவென்டரும் வேலை செய்யாமல், பெரிய லேத்தின் மோட்டார் எரிந்தது. 2012இல் அப்பா லேத்துகளை விற்றார். எனக்கு அப்போது சாஃப்ட்வேர் கம்பெனியில் வேலை கிடைத்திருந்தது. "போ கண்ணு. பேட்டரியில ஓடற வேலையாப் பாத்துட்டே, அதுவே பெரிசு" என்றார். சிரித்துக்கொண்டேதான் சொன்னார்.

மெஷினுக்கு மூளை வந்தபோது

அப்பிச்சியின் பம்பு இந்தச் செய்த ஃபேஸைச் சகித்துக்கொண்டது. பெரியவரின் மெஷின் ஏன் சகிக்கவில்லை? பம்புக்கு மூளை கிடையாது என்பதுதான் பதில்.

மிச்சிகன் மாநிலத்தில் ஹெலிகாப்டர் இறக்கைகள் செய்துகொண்டிருந்த ஜான் பார்சன்ஸ், வளைந்த வடிவங்களைக் கணக்கிட்ட புள்ளிகளின்படி இயந்திரமே வெட்ட வேண்டும் என்று நினைத்தார். 1949இல் அமெரிக்க விமானப்படை பணம் கொடுத்தது. எம்.ஐ.டி.யின் செர்வோமெக்கானிசம் ஆய்வகம் சேர்ந்துகொண்டது. 1952 செப்டம்பரில் துளையிட்ட காகித நாடாவைப் படித்து மூன்று அச்சுகளில் ஒரே நேரத்தில் நகரும் மில்லிங் மெஷினைக் காட்டினார்கள். அந்த மெஷின் ஒஹையோவின் சின்சினாட்டியில் செய்த 'ஹைட்ரோ-டெல்'. கட்டுப்பாட்டுப் பெட்டி நிறைய வாக்குவம் ட்யூப்களும் ரிலேக்களும்.

அன்றிலிருந்து ஒரே இரும்பு உடம்பில் இரண்டு குணங்கள். ஸ்பிண்டில் பலசாலி, வேகமெடுக்கும்போது அள்ளி இழுக்கும். கட்டுப்பாட்டுப் பகுதி மென்மையானது, வோல்டேஜ் கொஞ்சம் சரிந்தாலும் மயங்கி விழும். இரண்டுக்கும் ஒரே வாசலில்தான் மின்சாரம். இதை வடிவமைத்தவர்கள் ஏதோ ஒரு தொழிற்சாலையை மனதில் வைத்திருந்தார்கள். அங்கே மூன்று கம்பியும் சமமாக இருக்கும். ஆகவே மூளைக்குப் போகும் சிறு டிரான்ஸ்ஃபார்மரை எந்த இரண்டு கம்பியில் மாட்டினாலும் ஒன்றுதான். வரைபடத்தில் ஆர், எஸ் என்ற முதல் இரண்டில் மாட்டியிருந்தார்கள்.

நான்காவது வாரயிறுதியில் பெரியவர் மல்ட்டிமீட்டரை என் கையில் கொடுத்தார். முதலில் தப்பாக அளந்தேன். ஒவ்வொரு கம்பியையும் பூமியோடு வைத்துப் பார்த்தேன். 120, 120, 208. மூன்றாவதுதான் கெட்டது என்று துள்ளினேன். அவர் ஒரு தாளில் 240 பக்கம் உள்ள சமபக்க முக்கோணம் வரைந்தார். வீட்டு மின்சாரத்தின் நியூட்ரல் அடிப்பக்கத்தின் நடுப்புள்ளியில் இருக்கிறது. அங்கிருந்து உச்சிக்கு உயரம் எவ்வளவு? 240ஐ மூன்றின் வர்க்கமூலத்தால் பெருக்கி இரண்டால் வகுத்தால் 208. கெட்டுப்போகவில்லை, அப்படித்தான் இருக்க வேண்டும். கம்பிக்கும் கம்பிக்கும் இடையில் அளக்க வேண்டும் என்றார். பத்தாம் வகுப்புக் கணக்கு.

அப்படி அளந்தால் சும்மா இருக்கும்போது 242, 248, 251. மெஷினின் அளவு 230, கூடக்குறைய 10 சதவீதம். அதாவது 207க்கும் 253க்கும் நடுவில். சரிதான். மீட்டரைக் குறைந்தபட்ச அளவைப் பிடித்துவைக்கும் நிலையில் போட்டு ஸ்பிண்டிலைக் கிளப்பினோம். நிஜக் கம்பிகள் இரண்டுக்கும் நடுவில் 239. செய்த கம்பியைத் தொட்ட ஜோடியில் 204. கேபினெட்டைத் திறந்து வயரைப் பின்தொடர்ந்தால் செய்த கம்பி ஆர் முனையில் மாட்டியிருந்தது. மெஷினின் மூளை ஒரு காலை அந்தக் கம்பியின் மேல் வைத்து நின்றிருந்தது. ஸ்பிண்டில் மூச்சிழுக்கும் ஒவ்வொரு தடவையும் அதற்குத்தான் மயக்கம்.

மெயினை அணைத்துப் பூட்டி, கண்டன்சர்களில் தேங்கிய மின்சாரம் வடியும் வரை காத்திருந்து, ஆர் கம்பியையும் டி கம்பியையும் இடம் மாற்றினேன். மூளை பிழைத்தது. ஆனால் கூலன்ட் சொட்டியது. இரண்டை மட்டும் மாற்றினால் ஃபேஸ் வரிசை தலைகீழாகிவிடும், பம்பு எதிர்த்திசையில் சுற்றும். மூன்றையும் ஒரு இடம் நகர்த்தினோம். முதல் நிஜக் கம்பி ஆர், இரண்டாவது எஸ், செய்தது டி. வரிசையும் நின்றது, கூலன்ட்டும் பீறிட்டது.

204 என்பது இன்னும் மிச்சம். கன்வர்ட்டரின் கண்டன்சர்களைக் கழற்றி அளந்ததில் ஒன்றின் மேல் 50 மைக்ரோஃபாரட் என்று அச்சிட்டிருந்தது, உள்ளே 18தான் இருந்தது. புதிது போட்டதும் பளுவில் 221. கன்வர்ட்டர் 10 குதிரைத்திறன், ஸ்பிண்டில் ஏழரை. இரண்டு மடங்காவது இருந்தால்தான் நல்லது. பெரியதை வாங்க அவரிடம் காசில்லை. கடைசியில் என் தொழிலுக்கும் ஒரு வேலை கிடைத்தது. ஸ்பிண்டில் வேகமெடுக்கும் நேரத்தை ஒரு பாராமீட்டரில் 2 நொடியிலிருந்து 4 ஆக்கினேன். அன்று மாலை முப்பது தடவை கிளப்பினோம். ஒரு அலாரமும் இல்லை.

அவர் கையில் இருந்த முதல் ஆர்டர், பழைய டிராக்டர்களுக்கு ஒரு பிராக்கெட், 200 எண்ணம். திங்கட்கிழமை ஆரம்பித்துவிட்டார்.

அந்த ஞாயிறு அப்பாவுக்கு வீடியோ போட்டு ஷெட்டைக் காட்டினேன். மெஷினைப் பார்த்து, "நல்ல சாமான்" என்றார். மூலையில் உறுமும் மோட்டாரைக் காட்டினேன்.

"அதுல என்ன கண்ணு ஓடுது?"

"ஒண்ணும் ஓடலீங்கப்பா. மூணாவது ஃபேஸ் பண்ணுது. இங்க வீட்டுக்கெல்லாம் மும்முனை குடுக்க மாட்டாங்க."

கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் சுவரில் மாட்டிய கண்டன்சர் பெட்டியைக் கிட்டே காட்டச் சொன்னார்.

"உங்க அப்பிச்சி வெச்சிருந்ததுதானே இது? அமெரிக்காவுலயுமா?" என்றார். பிறகு, "அவருகிட்டச் சொல்லு, வெயில் காலத்துல அந்தப் பொட்டிக்குக் காத்து படற மாதிரி வெக்கோணும். நம்முளுது அப்பிடித்தான் போச்சு" என்றார்.

சொன்னேன். பெரியவர் பெட்டியைக் கழற்றி ஜன்னல் பக்கம் மாட்டிக்கொண்டிருக்கிறார்.